அப்பளத்தில் தொடங்கிய சுங்கச் சண்டை

முன்னொரு காலத்தில், ஓர் அப்பளத்துக்காகச் சண்டை போட்ட இரண்டு அரசர்கள் இருந்தார்கள். சிரிக்காதீர்கள். அரசர்களின் சண்டைகளுக்கு இதைவிடப் பெரிய காரணம் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்தக் கதை நடந்த நாட்டை ஆண்டவர் செங்கோடவர்மர். தம் தங்கையின் கல்யாணத்தைத் தம் அரண்மனையிலேயே தடபுடலாக நடத்தினார். பக்கத்துக் கடல்நாட்டு அரசர் மகரவேந்தரும் வந்திருந்தார். அவர் அந்நியர் அல்ல, செங்கோடவர்மரின் தாய்மாமன் மகன்தான். பந்தியில் இருவரும் அருகருகே உட்கார்ந்தார்கள். பரிமாறியவர் முதல் அப்பளத்தை மகரவேந்தர் இலையில் வைத்துவிட்டார். செங்கோடவர்மரின் முகம் கறுத்துப் போயிற்று. 'என் வீட்டிலேயே எனக்கு இரண்டாவது அப்பளமா?' என்று மனதுக்குள் பொருமினார். கல்யாணப் பந்தலைப் பிரிப்பதற்குள் கடல்நாட்டு உப்புக்குச் சுங்கம் போட்டுவிட்டார்.

மகரவேந்தர் சும்மா இருப்பாரா? இந்த நாட்டு அரிசிக்கு அவர் சுங்கம் போட்டார். இவர் சுங்கத்தை இரட்டிப்பாக்கினார், அவரும் இரட்டிப்பாக்கினார். நடுவில் இருந்த மலைநாட்டு வியாபாரிகளுக்குக் கொண்டாட்டம். கடல் உப்பை வாங்கிச் சாக்கை மாற்றி, மலை உப்பு என்று இங்கே மூன்று மடங்கு விலைக்கு விற்றார்கள். மலையில் ஏது உப்பளம் என்று இரண்டு அரசர்களும் கேட்கவில்லை. இரண்டு அரண்மனைகளிலும் வெற்றி முரசு கொட்டினார்கள். ஜனங்கள்தான் அங்கே சோறில்லாமல் மீனைத் தின்றார்கள், இங்கே உப்பில்லாமல் கஞ்சி குடித்தார்கள். இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

செங்கோடவர்மரின் சபையில் தாண்டவராயன் என்றொரு விகடன் இருந்தான். ஒருநாள் அரசர் அவனைப் பார்த்து, "தாண்டவராயா, நமது வெற்றியைப் பற்றி என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டார்.

"மகத்தான வெற்றி, மகாராஜா! இன்னும் இப்படி ஒன்றிரண்டு வெற்றி கிடைத்தால் நாமெல்லாரும் திருவோடு ஏந்திவிடலாம்."

சபை சிரித்தது. அரசர் சிரிக்கவில்லை. சுங்க மந்திரி கனகசபைக்கு இதுவே நல்ல சமயமாகப் பட்டது. தாம் பேசினால் அரசர் கொட்டாவி விடுகிறார், இவன் பேசினால் விழுந்து விழுந்து சிரிக்கிறார் என்ற எரிச்சல் அவருக்கு நெடுநாளாக உண்டு.

"மகாராஜா, நாளை தேர்த் திருவிழா. அரண்மனையில் பெருவிருந்து. கடல்நாட்டிலிருந்து வந்தது எதுவாயினும் நாளை பொழுது சாயும்வரை அரண்மனை வாசலைத் தாண்டக் கூடாது என்று ஆணையிடுங்கள். காவலுக்குத் தாண்டவராயனே நிற்கட்டும். தவறினால் அவன் தலை போகட்டும்" என்றார்.

பொறி எப்படிப்பட்டது பார்த்தீர்களா? அரண்மனைச் சமையலுக்கு வருவதே கடல்நாட்டு உப்புதான். அதை உள்ளே விட்டால் ஆணையை மீறியதற்காகத் தலை போகும். விடாவிட்டால் விருந்து சப்பென்று இருக்கும், அரசர் கோபத்தில் தலை போகும். கோபத்தில் இருந்த அரசர் யோசிக்காமல் சம்மதித்துவிட்டார். தாண்டவராயன் மட்டும் பணிவாகக் கேட்டான்: "ஆணையை ஓர் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றலாம் அல்லவா, மகாராஜா?"

"பிசகினால்தான் தண்டனை" என்றார் அரசர்.

மறுநாள் அரசர் பரிவாரத்தோடு கோயிலுக்குப் போனார். தாண்டவராயன் ஒரு சட்டியில் காவியைக் குழைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தான். சுங்கச் சாவடியில் தடுத்த சரக்குக்குக் காவிப் பொட்டு வைப்பது அந்த நாட்டு வழக்கம். உப்பு வண்டிக்குப் பொட்டு வைத்து ஓரம் கட்டினான். கடல்நாட்டுப் பட்டு அங்கவஸ்திரத்தோடு வந்த கனகசபையின் தோளிலும் ஒரு பொட்டு வைத்தான். மந்திரி இடுப்பு வேட்டியும் கடல்நாட்டு நெசவு என்பது நினைவுக்கு வர, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தாமாகவே ஓரமாய் நின்றார்.

உச்சிப்பொழுதில் கோயிலிலிருந்து அரசரின் தாயார் மங்களாம்பிகையின் பல்லக்கு வந்தது. தாண்டவராயன் பல்லக்கு மேலும் ஒரு பொட்டு வைத்தான்.

"என்னடா இது கூத்து?" என்றார் அந்த அம்மாள்.

"நீங்க கடல்நாட்டிலேருந்து வந்தவங்கதானே, தாயே?"

"நான் வாக்கப்பட்டு வந்து மூணு தலைமுறை பாத்தாச்சுடா! என் மாமியார்கூட என்னை வெளியே நிறுத்தினதில்லை!"

"ஆணையில எந்தக் காலத்துல வந்ததுன்னு சொல்லலையே, தாயே. என் தலைக்காகக் கொஞ்சம் பொறுத்துக்குங்க."

அந்த அம்மாளுக்குக் கோபத்தைவிடச் சிரிப்பே அதிகம் வந்தது. வெற்றிலையை மடித்தபடி பல்லக்கிலேயே இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அரசரும் வந்து சேர்ந்தார், கொலைப் பசியோடு. "என் தாயாரையா தடுத்தாய்? வழியை விடு!" என்று கர்ஜித்தார்.

தாண்டவராயன் கைகூப்பினான். "ஒரே ஒரு சந்தேகம், மகாராஜா. மந்திரியாரே, உள்நாட்டுச் சரக்கு மூட்டையில் ஒரு பிடி கடல்நாட்டுச் சரக்கு கலந்திருந்தால் சுங்கச் சாவடியில் என்ன செய்வீர்கள்?"

"மூட்டை முழுவதையும் கடல்நாட்டுச் சரக்காகவே கொள்வோம். நான் வகுத்த விதிதான் அது" என்றார் கனகசபை பெருமையாக.

"மகாராஜாவின் தந்தையார் இந்த நாட்டவர். தாயார் கடல்நாட்டவர்." தாண்டவராயன் காவிச் சட்டியில் விரலைத் தோய்த்தான். "ஒரு பிடிக்கே அந்த விதி என்றால், இங்கே கலந்திருப்பது சரிபாதி. மகாராஜா, நெற்றியைக் கொஞ்சம் காட்டுங்கள்."

கனகசபையின் முகத்தில் ஈயாடவில்லை. அரசர் அந்தக் காவி விரலைப் பார்த்தார்.

"நான் எப்போதுதான் உள்ளே போவது?"

"இருப்பது ஒரே வாசல், மகாராஜா. அந்த உப்பு வண்டிக்கு வழிவிட்டால் தங்களுக்கும் வழி உண்டு."

பல்லக்கிலிருந்து தாயாரின் குரல் கேட்டது. "எல்லாம் அந்த அப்பளத்தால வந்த வினைதானே? அதை அவனுக்கு முதல்ல வைக்கச் சொன்னதே நான்தான்டா."

அரசர் திடுக்கிட்டார். "நீங்களா அம்மா? ஏன்?"

"அவன் விருந்தாளி. நீ வீட்டுக்காரன். நம்ம வீட்டுக் கல்யாணத்துல வீட்டுக்காரன் கடைசியிலதானே சாப்பிடணும்? நீ பந்தியில உக்காந்ததே தப்பு!"

அரசருக்கு முதலில் வெட்கம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது, அடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அங்கேயே வாசல் ஆணையையும் சுங்கத்தையும் ரத்து செய்து, மகரவேந்தருக்கு அழைப்பு அனுப்பினார். உப்பு வண்டி முதலில் உள்ளே போயிற்று, அதன் பின்னால் தாயார், அவருக்குப் பின்னால் அரசர்.

அன்றைய விருந்தில் அரசர் தம் முத்துமாலையைக் கழற்றித் தாண்டவராயன் கழுத்தில் போட்டார். முதல் அப்பளத்தையும் அவன் இலையிலேயே வைக்கச் சொன்னார். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த கனகசபை அந்த அப்பளத்தையே வெறித்துப் பார்ப்பதைத் தாண்டவராயன் கவனித்தான். எழுந்து போய் அதில் பாதியை ஒடித்து மந்திரியின் இலையில் வைத்தான்.

"சாப்பிடுங்கள், மந்திரியாரே. இன்னொரு சுங்கத்தை இந்த நாடு தாங்காது."

அரசர் சிரித்த சிரிப்பில் அவருக்கே புரையேறிவிட்டது.