காத்தும் கறுப்பும்

"ஊ... ஊய்ங்!"

விளக்கு வைத்த பிறகு அரண்மனைச் சுவருக்குள் ஏதோ ஊளையிட்டது. ராணி செண்பகவல்லி கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அலறினாள்.

"கதவைத் தாழ் போடுங்க!"

"தாழ்ப்பாளைத்தான் பிடுங்கியாச்சே!" என்றார் ராஜா பூவராக பூபதி.

எல்லாம் ஒரு பட்டயத்துக்காக. பக்கத்து நாட்டு ராஜா 'பசுமை மாளிகை' பட்டயம் வாங்கிவிட்டார். நம்மவருக்குப் பொறுக்குமா? பரிசோதகர் அகோரம்பிள்ளை போட்ட நிபந்தனை: "அறைக்கு அறை காத்து தாராளமா வந்து போகணும். சுவரெல்லாம் துவாரம் போடுங்க. கதவுக்குத் தாழ்ப்பாளே கூடாது!"

போட்டார்கள். அன்றிலிருந்து சுவர் ஊளையிட்டது. குழந்தையும் தூங்கவில்லை, ராணியும் தூங்கவில்லை.

அரசவை விகடன் மதங்கனுக்கு ஆள் போனது.

"டேய் மதங்கா! எனக்குப் பட்டயம் வேணும். ராணிக்குத் தாழ்ப்பாள் வேணும். முடியலேன்னா உன் தலையை வச்சுத்தான் அந்த ஓட்டையை அடைப்பேன்!"

"என் தலை கொஞ்சம் பெரிசு பிரபு. ஓட்டை பத்தாது."

மறுநாள் அகோரம்பிள்ளை மயிலிறகோடு வந்தார். அறை அறையாகப் பிடித்துப் பார்த்து, "இறகு சரியா ஆடலையே," என்று உதட்டைப் பிதுக்கினார்.

"ராத்திரி தங்கிப் பாருங்க. நல்லா ஆடும்," என்றான் மதங்கன்.

இருட்டியது. "ஊ... ஊய்ங்!"

பிள்ளைவாள் துள்ளி எழுந்தார். "எ... என்னப்பா அது?"

"காத்துங்க. நீங்க சொன்னபடி தாராளமா வந்திருக்கு."

"காத்துதானே?"

"ஆமாங்க. கறுப்புதான் இன்னும் வரலை."

"எந்தக் கறுப்பு?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? காத்து வந்தா கூடவே கறுப்பும் வருமே! ரெண்டும் சோடிதானே?"

அந்த நேரம் பார்த்து விளக்கு அணைந்தது. மயிலிறகு ஆடவில்லை. பிள்ளைவாள் ஆடினார்.

"கதவைச் சாத்து! தாழ்ப்பாள் எங்கே?"

"தாழ்ப்பாளா? பட்டயம் கிடைக்காதுங்களே!"

"நிபந்தனை எழுதினவனே நான்தானய்யா! ராத்திரியில துவாரத்தை அடைக்கலாம், தாழும் போடலாம். இந்தா முத்திரை!"

இருட்டில் முதல் முத்திரை மதங்கன் நெற்றியில் விழுந்தது. இரண்டாவது பட்டயத்தில் விழுந்தது. மதங்கன் மடியிலிருந்து தாழ்ப்பாளை எடுத்து நீட்டினான்.

கதையைக் கேட்டு ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். முத்து மாலையைக் கழற்றி மதங்கன் கழுத்தில் போட்டார். அதற்குள் ராணியின் கதவிலும் தாழ்ப்பாள் ஏறியிருந்தது. பட்டயத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப்புரத்துக்கு ஓடிக் கதவைத் தட்டினார்.

"யாரு? காத்தா, கறுப்பா?" என்றாள் ராணி.

"நான்தான்டி! பட்டயம் வாங்கிட்டேன்!"

"மெதுவா! பிள்ளை இப்பத்தான் தூங்கினான். நீங்க வெளியிலேயே நல்லா காத்து வாங்குங்க!"

டக்கென்று உள்ளே தாழ் விழுந்தது.