தீவுக் கரையில் வெற்றி விருந்து

கடலோர நாட்டை ஆண்ட வீரகண்டனுக்கு எதிரே தெரிந்த தீவின் மேல் ஒரு கண். அரண்மனையில் சோறு வடிக்கும் மாடத்தியைக் கூப்பிட்டான்.

"படையோட தீவுல இறங்கப்போறோம். இறங்கின கையோட அங்கேயே நீ வெற்றி விருந்து போடணும். ஒரு பருக்கை மிஞ்சினாலும் உன் தலை மிஞ்சாது."

மாடத்தி கழுத்தைத் தடவிக்கொண்டாள். "ஆகட்டும் மகாராஜா. கடல்ல வந்தவங்க எவ்வளவு சாப்பிடுவாங்கன்னு எனக்குத் தெரியாதே. நாளைக்கு நம்ம கரையிலேயே ஒத்திகை பார்த்துடலாங்களா?"

மறுநாள் மன்னனும் படையும் கப்பலேறி, தீவுக்குப் பாதி தூரம் போய்த் திரும்பினார்கள். கரையை நெருங்கினால் கப்பல் தரைதட்டும் என்பதால் எல்லாரும் இடுப்பளவு தண்ணீரில் குதித்தார்கள். அலை ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளியது. கவசம் போட்டவன் விழுந்தால் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. குதிரைகள் மணலைத் தொட்டதும் படுத்துவிட்டன. தளபதி எப்படியோ இலைமுன் வந்து உட்கார்ந்தார். நெய் வாசனை பட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்.

கப்பல் ஆடிய ஆட்டத்தில் யாருக்கும் ஒரு வாய்கூட இறங்கவில்லை. அண்டா அண்டாவாகச் சோறு மிஞ்சியது. மன்னன் தள்ளாடியபடியே வாளை உருவினான்.

மாடத்தி அசையவில்லை. "இது நம்ம கரை மகாராஜா. வாங்க வாங்கன்னு இலை போட்டுக் காத்திருந்தேன். அதுக்கே படை இந்தக் கோலத்துல வந்து சேர்ந்திருக்கு. அந்தக் கரையில கரண்டியோட நிக்கமாட்டாங்க."

மன்னன் தீவைப் பார்த்தான். வாளை உறையில் போட்டான். "கொஞ்சம் சுக்குத் தண்ணி கிடைக்குமா, மாடத்தி?" என்றான்.

அத்தோடு சரி. தீவு இருந்த இடத்திலேயே இருந்தது, மாடத்தியின் தலையும்தான்.