சரிவைச் சுருட்ட முடியாத பன்றி

மலையடிக் காட்டில் ஒரு சருகுமான் தன் குட்டியோடு புதருக்குள் ஒடுங்கிக் கிடந்தது. ஓர் இலை சரசரத்தாலும் அதற்கு உயிர் போய் உயிர் வந்தது. சிறுத்தை எந்தப் பக்கமிருந்து வருமோ!

முன்பெல்லாம் உச்சிக் கிளையில் மந்திகள் காவல் இருக்கும். சிறுத்தையின் வால் தெரிந்தாலே கத்திவிடும். அந்தக் காவலுக்குக் கூலியாக ஒவ்வொரு விலங்கும் மாதம் ஒரு கிழங்கைப் பொதுக்குழியில் போடவேண்டும். மூன்றே கிழங்கு வைத்திருந்த சருகுமானுக்கும் ஒன்று. கிழங்கு விளையும் மலைச்சரிவு முழுவதையும் வளைத்துப்போட்டிருந்த காட்டுப்பன்றிக்கும் ஒன்று!

கோடையில் எளியவர்களிடம் எதுவும் மிஞ்சவில்லை. குழி காலியானது. மந்திகள் பசி தாங்காமல் போய்விட்டன. மறுநாளே முயலின் இரண்டு குட்டிகளைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போயிற்று.

விலங்குகள் நடுங்கிக்கொண்டே ஒன்றுகூடின.

"உங்கள் சரிவு பெரிது, பன்றியாரே! அதற்கு ஏற்றபடி கொடுங்கள்!" என்று அழுதது முயல்.

பன்றி தன் கோரைப்பல்லால் தரையைக் கீறியது. "என் கிழங்கில் கை வைத்தால் அடுத்த காட்டுக்குப் போய்விடுவேன்!"

"ஐயையோ, அவர் போனால் காடே பாழாகிவிடும்!" என்று அலறியது, பன்றியின் மிச்சத்தைத் தின்று வாழ்ந்த நரி.

எல்லாரும் தலைகுனிந்தார்கள். சருகுமான் பன்றியின் வாயைப் பார்த்தது. அந்தக் கோரைப்பல் ஒருமுறை பட்டால் தீர்ந்தது! ஆனால் குட்டியின் நெஞ்சு அதன் விலாவை ஒட்டிப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"போங்கள்!" என்றது சருகுமான், குரல் நடுங்க. "போகும்போது சரிவைச் சுருட்டி எடுத்துக்கொண்டா போவீர்கள்?"

பன்றி உறுமிக்கொண்டு பாய்ந்தது. சருகுமான் கண்களை இறுக மூடிக்கொண்டது. அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால், முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு முன்னால் முள்ளம்பன்றி! அதன் பக்கத்தில் முயல், உடும்பு, மயில், கீரி என்று காடே நின்றது.

"பெரிய சரிவுக்குப் பெரிய பங்கு!" என்று எல்லாரும் கத்தினார்கள்.

பன்றி பின்வாங்கியது. அன்றே அதன் பெரிய பங்கால் குழி நிரம்பியது. மந்திகள் திரும்பி வந்தன.

நான்காம் நாள் காலை உச்சிக் கிளை அதிர்ந்தது. "சிறுத்தை! சரிவுப் பக்கம் சிறுத்தை!"

கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த பன்றியின் குட்டிகள் பாறை இடுக்குக்குள் பாய்ந்து தப்பின. ஏமாந்த சிறுத்தை சருகுமான் ஒளிந்திருந்த புதரை உரசிக்கொண்டு நடந்தது. அதன் வாடை மூக்கில் ஏற, சருகுமான் குட்டியை அணைத்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தது. மந்திகளின் கத்தல் மெல்ல மெல்ல ஓய்ந்த பிறகுதான் அது மூச்சு விட்டது.

நிறைய வைத்திருப்பவர் நிறையக் கொடுத்தால்தான் எல்லாருக்கும் காவல் நிலைக்கும். அதைக் கேட்க, பயந்தவர்கள் பயத்தோடேனும் சேர்ந்து நிற்கவேண்டும்.