கொம்பு வரைந்த கீரி

குட்டையின் தென்கரையில் புதைசேறு இருந்தது. மேலே பார்த்தால் பச்சைப் புல். காலை வைத்தால் கழுத்து வரை இழுத்துவிடும். ஒரு மான்குட்டி அதில் மாட்டிக்கொண்டு செத்துப் பிழைத்தது. "அங்கே எச்சரிக்கைப் பலகை வைத்தே ஆக வேண்டும்!" என்று காடே கூச்சல் போட்டது.

அந்த வேலை அஞ்சனா என்ற கீரிக்குக் கிடைத்தது. அவளுக்கு வால்தான் தூரிகை. கரியிலும் செம்மண்ணிலும் தோய்த்து ஒரு சுழற்று சுழற்றினால் படம் எழுந்து நிற்கும். கரடியின் தேன்கடைக்குத் தேனீ வரைந்தது அவள்தான். ஆனால் சொந்தக்காரர்கள் விடுவார்களா?

"கீரின்னா பாம்பு பிடிக்கணும். படம் போட்டா பொழப்பு ஓடுமா?" என்று நச்சரித்தார்கள்.

"இந்தப் பலகையைக் காடே பார்க்கும். அப்புறம் சொல்லுங்க!" என்றாள் அஞ்சனா. இது சொதப்பினால் பாம்புப் புற்றுக்கே திரும்ப வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் பலகை முழுக்கச் சுண்ணாம்பு பூசினாள். நடுவில் முழங்கால் வரை செஞ்சேற்றில் புதைந்த ஒரு கறுப்புக் கால். அவ்வளவுதான்.

காட்டின் தலைவர் தடியப்பன் என்ற எருமை, உதவிக்கு ஒரு நரியுடன் பார்வையிட வந்தார்.

"ஏம்மா, இவ்ளோ இடம் சும்மா கெடக்கே!"

"சும்மா கெடந்தாதான் தலைவரே கால் தெரியும். ஓடி வர்றவங்க தூரத்துலயே பார்த்து நிக்கணும்."

"அதெல்லாம் சரி. மேல என் முகத்தைப் போடு. பெருசா! சிரிச்சுக்கிட்டே கும்பிடுற மாதிரி!"

"பக்கத்துல என் முகம், சின்னதா இருந்தாப் போதும்" என்று நரி நெளிந்தது. "சுத்தி நாலு செம்பருத்திப் பூ போட்டா பளிச்சுன்னு இருக்கும்!"

முடியாது என்று சொல்ல அஞ்சனாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் விழுங்கிவிட்டாள். முகங்கள் வந்தன. பூக்கள் வந்தன. கால் மட்டும் சுருங்கிச் சுருங்கி ஒரு மூலையில் போய் ஒண்டிக்கொண்டது.

பலகையைச் சேற்றின் ஓரத்தில் நட்டார்கள். கூட்டமான கூட்டம்!

"தலைவர் தத்ரூபமா இருக்காரு!" என்றது முயல்.

"மூலையில என்ன, காளானா?" என்றது மான்குட்டி.

தடியப்பனுக்கு ஒரே சந்தேகம். "என் இடது கொம்பு சரியா வந்திருக்கா?" கிட்டப் போனார். கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். பக்கவாட்டில் இன்னும் ஓர் எட்டு வைத்தார்.

சளக்!

பலகையில் தலைவர் சிரித்துக் கும்பிட்டார். சேற்றில் தலைவர் கதறினார். காட்டுக்கொடியைக் கட்டி எல்லோரும் இழுக்கத் தொடங்கினார்கள்.

"எல்லாம் இந்தக் கீரியால வந்தது! எச்சரிக்கையே தெரியல!" என்று நரி பாய்ந்தது.

"ஆமா, தப்பு என்னுதுதான்!" என்றாள் அஞ்சனா. "தெரிஞ்சிருந்தும் நீங்க சொன்னதுக்குத் தலையாட்டினேன் பாருங்க, அந்தத் தப்பு. இனிமே ஆட்ட மாட்டேன்!" சுண்ணாம்பை எடுத்துப் பலகை மேல் ஒரே வீச்சு வீசினாள்.

"ஐயோ! தலைவர் முகத்தையே அழிக்கிறாளே!" என்று நரி பதறியது.

"அழிக்கட்டும்டா! நீ கொடியை இழு!" என்று சேற்றுக்குள்ளிருந்து தலைவர் அலறினார்.

தலைவர் கரையேறுவதற்குள் வெள்ளைப் பலகையில் மறுபடியும் அந்தக் கால் பெரிதாக நின்றது. வேறு எதுவும் இல்லை.

மறுநாள் செந்நாய்கள் மான்கூட்டத்தைத் துரத்தின. மான்குட்டி தலைதெறிக்கத் தென்கரைப் பக்கம் ஓடியது. யாரும் கத்தி எச்சரிக்க நேரமில்லை. கரையோரம் நின்ற அஞ்சனா பலகையையே பார்த்தாள். தூரத்திலேயே குட்டியின் கண்ணில் வெள்ளையும் கறுப்புக் காலும் பட்டன. சட்டென்று திரும்பியது. கூட்டமே அதன் பின்னால் திரும்பியது. செந்நாய்களின் கண்ணோ குட்டி மேலேயே இருந்தது. வந்த வேகத்தில் திரும்ப முடியாமல் பலகையைத் தாண்டிப் பாய்ந்தன. கழுத்தளவு சேற்றில் நின்று ஊளையிட்டன.

மான்குட்டி ஓடி வந்து அஞ்சனாவின் வாலில் முகம் புதைத்தது. "உன் கால்தான் என் காலைக் காப்பாத்துச்சு!" அஞ்சனாவுக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது.

அதன் பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் காட்டிலிருந்தும் பலகை வரையச் சொல்லி ஆள் வந்தது. "எங்க வீட்டுப் பொண்ணு வரைஞ்சது!" என்று சொந்தக்காரர்களே ஊரைக் கூட்டிக் காட்டினார்கள். யாராவது, "இவ்ளோ இடம் சும்மா கெடக்கே" என்று ஆரம்பித்தால் அஞ்சனா வாலை உயர்த்திச் சிரிப்பாள்.

"அந்த இடத்துக்கும் சேர்த்துத்தான் நான் வேலை செஞ்சிருக்கேன்!"

நீதி: வேலை கொடுத்தவரின் முகத்துக்காகச் செய்வதை விட, அதைப் பார்த்துப் பயன்பெறப் போகிறவருக்காகச் செய்யும் வேலையே செய்தவருக்குப் பேர் வாங்கித் தரும்.