துளசி தின்ற நாய்

புரட்டாசி மாதத்து விடியல். மூடுபனியில் மிராசுதார் வேங்கடாசலத்தின் தோட்டம் கனவுபோல மிதந்தது. பெருமாளுக்காக மாதம் முழுக்கக் கவிச்சியைத் தொடுவதில்லை என்று பெருமையடிப்பவர் அவர். பஜனைக்கு வந்தவர்கள் முன்னால் தோட்டக்காரி பூவாயியை அதட்டினார்.

"நாய் மறுபடியும் துளசியைத் தின்னிருக்கு! அதைக் கட்டவும் கூடாது, அடிக்கவும் கூடாது. ஆனா இனிமே அது துளசியில வாய் வைக்கக் கூடாது. முடியலேன்னா வேலையை விட்டுப் போயிடு!"

பூவாயி பனியைப் பார்த்தபடி, தூக்கத்தில் பேசுகிறவள்போல மெல்லச் சொன்னாள்: "ஆகட்டுங்க ஐயா. நீங்க மட்டும் வறுத்த மீன் தின்ன கையை வேற செடியில துடைச்சுக்குங்க."

"என்னடி உளறுறே?" என்று கையை நீட்டினார் மிராசுதார்.

பனிக்குள்ளிருந்து நாய் மிதந்து வந்தது. துளசியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நீட்டிய கையின் விரல்களை ஒவ்வொன்றாக, கண்ணை மூடிக்கொண்டு நக்கியது.