ஊருக்குப் போக ஒரு கார்டு

"கண்ணை மூடினா கிரெடிட் கார்டுதான் தெரியுது" என்றாள் ரெக்ஸிலின்.

தியானம் முடிந்து மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். ஹாம்பர்க் நகரில், ஞாயிறு காலைகளில் மட்டும் வாடகைக்கு எடுக்கும் கூடம் அது. தியானம் சொல்லித்தரும் கோமளவல்லி பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் ரெக்ஸிலின் அவளை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவாள்.

"எத்தனை கார்டு?"

"மூணு. ஒண்ணுக்கு வருஷக் கட்டணம் இல்ல. ஆனா வெளிநாட்டுப் பணத்துல செலவு பண்ணினா தனியாப் பிடிப்பாங்க. இன்னொண்ணுல பிடிக்க மாட்டாங்க, வருஷக் கட்டணம் ஜாஸ்தி. மூணாவதுல பயண இன்சூரன்ஸ் இருக்கு. ஆனா படிப்பு முடிச்சு இப்பதான் வேலைக்குச் சேர்ந்தவளுக்குக் குடுப்பாங்களான்னு தெரியல."

"ஏதாவது ஒன்றை எடு."

"எடுத்தேன். கடைசி பட்டன அமுக்காம மூடிட்டேன். தினமும் இதே கதைதான்."

கோமளவல்லி ஒரு பாயை அவளிடம் நீட்டினாள். ரெக்ஸிலின் சுருட்டினாள். கோணலாக வந்தது. பிரித்து மறுபடி சுருட்டினாள். அதையும் பிரித்தாள்.

"கார்டை வைத்து என்ன வாங்கப் போகிறாய்?"

"ஒண்ணும் இல்ல. அவசரத்துக்கு."

"என்ன அவசரம்?"

"திடீர்னு ஊருக்குப் போகணும்னா."

"ஊரில் யார்?"

"அம்மா மட்டும். தூத்துக்குடியில."

"உடம்புக்கு ஏதாவது?"

"நல்லாத்தான் இருக்காங்க."

"அப்படியானால் அவசரம் இன்னும் வரவில்லை."

ரெக்ஸிலினின் கை பாயின் மேல் நின்றது.

"வந்துச்சு மேடம். வந்து போயிருச்சு."

அவள் இங்கே படித்துக்கொண்டிருந்தபோதே ஊரில் அப்பா இறந்துவிட்டார். அப்போது அவளிடம் இருந்தது அப்பாவின் கணக்கில் வாங்கிய துணை கார்டு ஒன்றுதான். அதில் விமான டிக்கெட் எடுக்க முடியவில்லை. அறிமுகமானவர்களைத் தேடிப் பிடித்துக் கடன் கேட்பதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

"அம்மாவிடம் என்ன சொன்னாய்?"

"பரீட்சை இருக்குன்னு."

"அதற்கு அவர்?"

"சரின்னாங்க. அப்புறம் கேக்கவே இல்ல."

கோமளவல்லி பாயை வாங்கி, சுருட்டாமலே ஓரமாகப் போட்டாள்.

"எந்தக் கார்டு எடுக்கலாம் என்று அம்மாவைக் கேள்."

"அம்மாவுக்கு இதெல்லாம் ஒண்ணுமே தெரியாது மேடம்."

"கேள்."

கோமளவல்லி வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரெக்ஸிலின் கூடத்தை இரண்டு தரம் சுற்றி நடந்தாள். உட்கார்ந்தாள். எழுந்தாள். நின்றபடியே அம்மாவை அழைத்தாள்.

"இப்பதான் கோயில்லேர்ந்து வாரேன். என்னட்டி?"

"அம்மா, புதுசா கிரெடிட் கார்டு வாங்கணும். எத வாங்கட்டும்?"

"என்கிட்டயா கேக்க? உங்க அப்பா இருந்தா..."

அம்மா அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"அப்பா குடுத்த கார்டு அன்னைக்கு வேல செய்யலம்மா" என்றாள் ரெக்ஸிலின். "பரீட்சையெல்லாம் ஒண்ணும் இல்ல. பொய் சொன்னேன். டிக்கெட் போட்டுப் போட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஓடிபி அப்பா போனுக்குத்தான் போச்சு. அந்த நேரத்துல உங்களக் கூப்பிட்டு, அப்பா போன எடுத்து நம்பர் வாசிங்கன்னு எப்படிம்மா சொல்லுவேன்?"

 

"அப்பாவ வச்ச பெட்டிக்கிட்ட உக்காந்து ஜெபம் சொல்லிக்கிட்டு இருந்தோம்" என்றாள் அம்மா. "அப்பா போன் விடாம டிங் டிங்னு அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. எவனோ கம்பெனிக்காரன்னு வைதேன். நாந்தான் அத அணைச்சுப் போட்டேன்."

"அம்மா..."

"அது நீயாட்டி?"