முன்னாடி போறது யாரு?

ஒரு ஊர்ல ஒரு ஆட்டுக்கல்லு. ராசா இல்லடி, ஆட்டுக்கல்லுதான்! கொல்லையில கிடந்துச்சு, குழி நிறைய மழைத்தண்ணி. ம் கொட்டு, அப்பதான் அத்தை சொல்லுவேன்.

"ம்."

அந்தக் கல்லு மேல ஒரு எறும்புக் கூட்டம். புத்துக்குள்ள தண்ணி புகுந்திருச்சு. ஆளுக்கொரு முட்டையக் கவ்விக்கிட்டு மேட்டைத் தேடிப் போகுதுங்க, ஒண்ணு பின்னால ஒண்ணு, சரசரசரன்னு. அதுல ஒரு குட்டி எதையாச்சும் நின்னு வேடிக்கை பாக்கும். அதனால பேரே பராக்கு. உன்னை மாதிரிதான்.

"பராக்கு, வரிசையில வா!"ன்னு அவ அம்மா கத்திக்கிட்டே இருப்பா.

அப்போ பராக்கு, மினுமினுன்னு இருந்த ஒரு பாசியப் பாக்க வரிசைய விட்டு வெளிய வந்தா. வந்து திரும்பிப் பாத்தா... அடியாத்தி! முன்னாடி யாருமே இல்ல! முதல் எறும்பு விளிம்பைச் சுத்தி வந்து, கடைசி எறும்பு பின்னாலயே நடக்குது. காலையிலேருந்து எல்லாரும் சும்மா சுத்திக்கிட்டு இருக்காங்க! ஒண்ணு கால் தளந்து தண்ணிக்குள்ள 'ப்ளக்'. ஒருத்தரும் திரும்பல.

"ம்..."

"அம்மா, நில்லு! நாம சுத்துறோம்!"னு கத்துனா.

"வரிசைய விட்டவளுக்கு என்னடி தெரியும்?"னுட்டுப் போயிட்டா அம்மா.

அப்புறம் பராக்கு குறுக்க படுத்தா. தபதபதபன்னு மிதிச்சுக்கிட்டுப் போனாங்க. பெத்தவளும்தான்!

"அம்மாவுமா?"

ஆமாடி, அம்மாவும்தான். அப்புறம் அழுதுக்கிட்டே எந்திரிச்சா. தான் மட்டும் தப்பிச்சுப் போயிரலாம். ஆனா அம்மா அங்க இருக்காளே! ஓடிப்போய் அம்மாவுக்கு முன்னாடி வரிசையில நுழைஞ்சா. எல்லார் மாதிரியும் நடந்தா. நடந்து, டக்குனு கல்லை விட்டுக் கீழ இறங்குனா. பின்னாலயே அம்மா. அம்மா பின்னால மொத்தக் கூட்டமும்.

அப்பாடான்னு பராக்கு ஒரு பூவை நின்னு பாத்தா. எல்லாரும் நின்னாங்க. அந்தப் பக்கம் திரும்புனா. எல்லாரும் திரும்புனாங்க. ஐயய்யோ! நான் குழியில விழுந்தா இவங்களும் விழுவாங்களேன்னு நினைச்சா.

அப்போ அவ வரிசைக்கு எதிர்ல நடந்தா. ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் முட்டி நிறுத்தி, "முன்னாடி போறது யாரு, பாத்தியா?"ன்னு கேட்டா. முதல்ல அம்மாவைத்தான் கேட்டா. அம்மா அன்னிக்குத்தான் தலையத் தூக்கிப் பாத்தா.

"ஐயோ, நீயாடி?"ன்னா.

நாளைக்குப் பாரு, எறும்பு எதிர்ல வர்ற எறும்பை நிறுத்தி, மூஞ்சியோட மூஞ்சி வச்சு ஏதோ கேட்டுட்டுத்தான் போகும். என்ன கேக்குதுன்னு உனக்குத் தெரியும்.

"...ம்."

எறும்பெல்லாம் மேடு ஏறியாச்சு, கதையும் படுத்தாச்சு. நீயும் கண்ண மூடு.